கைத்துவக்கின் நம்பரைத் தேடிய வாரம்

அன்று மத்தியானம் தோட்டத்து ஆபீசில் இருந்தவர்கள் மூன்று பேர். பெரிய கிளாக்கர் சபாரத்தினம் ஐயா. சின்னக் கிளாக்கராகிய நான். தேயிலைத் தொழிற்சாலைக் காவல்காரர் சின்னச்சாமி அண்ணன். எங்களுக்கு நடுவே மேசையில் விரித்த பழைய பத்திரிகைத் தாளின் மேல், குழல் சுவரைப் பார்த்தபடி ஒரு ரிவோல்வர் கிடந்தது.

இல்லாதவர்களையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தை நடத்தும் துரை இல்லை. கடைவாய்ப் பல் பிடுங்கக் கொழும்புக்குப் போயிருந்தார், சனிக்கிழமை திரும்புவார். மாத்தளையில் துவக்குத் திருத்தும் மஹ்ரூப் நானா இல்லை. வந்து பாருங்கள் என்று கேட்டதற்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எல்லோரையும் விட முக்கியமாக அங்கே இருந்திருக்க வேண்டிய இன்னொன்றும் இல்லை. அது அந்த ரிவோல்வரின் நம்பர்.

வெளியே மழை ரத்தோட்டைப் பக்கத்து மலையை முழுசாக மூடிவிட்டிருந்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் ஐயா மெதுவாகப் பேசியது எனக்குப் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியே போதுமாக இருந்தது.

"தம்பி, நாளைக்கு வெள்ளி."

"ஆமாங்கய்யா."

"நாளைக்கு இந்த நம்பர் இல்லாட்டி, திங்கக்கிழமை நீர் இல்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மனிதர் வருத்தமாகச் சொன்னார்.

பன்றி தப்பிய கதை

நான் உத்தியோகத்தில் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் படித்த உக்குவளை வாசகி ஒருவர், 'கிளாக்கர் வேலையில் பேனா பிடிப்பதைத் தவிர வேறென்ன இருக்கிறது?' என்று எழுதிக் கேட்டிருக்கிறார். துவக்கும் பிடித்திருக்கிறேன், அம்மா. அதைத்தான் இப்போது சொல்ல வந்தேன்.

அந்த ரிவோல்வர் ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. சுதந்திரம் வந்து, அவர் கப்பலேறி, அவருக்குப் பின் இரண்டு துரைமார் மாறியும் அது மட்டும் ஆபீஸ் இரும்புப் பெட்டியை விட்டு நகரவில்லை. அதற்கு மாதத்தில் ஒரு நாள்தான் வேலை. சம்பளத்துக்கு முதல் நாள் மாத்தளை வங்கியிலிருந்து ஜீப்பில் காசு வரும்போது, சபாரத்தினம் ஐயாவின் மடியில் ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு அதுவும் வரும். ஐயா அதை ஏதோ பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல உடம்பில் படாமல் வைத்திருப்பார்.

அது வெடித்தது ஒரே ஒரு முறைதான் என்பார்கள். நாற்றுமேடையைக் கிளறிய காட்டுப்பன்றியை நோக்கி வெள்ளைக்காரத் துரை சுட்டார். பட்டது தொழிற்சாலைத் தண்ணீர்த் தொட்டியில். தொட்டியை அடைத்த தார் இன்னும் இருக்கிறது. பன்றியும் இன்னும் வருகிறது.

பார்த்து எழுதியவன்

வருடத்துக்கு ஒரு முறை ரிவோல்வர் லைசென்ஸைப் புதுப்பிக்க மாத்தளைக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அந்த வருடம் அதை எழுதும் பொறுப்பு என் கைக்கு வந்தது.

"போன வருசத்துக் கொப்பியைப் பாத்து அப்பிடியே எழுதும்," என்றார் ஐயா. அவ்வளவுதான் வேலை.

ஆனால் படிவத்தின் அடியில், 'மேற்கண்ட விபரங்கள் யாவும் உண்மையென உறுதி கூறுகிறேன்' என்று ஒரு வரி இருந்தது. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் எதன் அடியிலும் கையெழுத்து வைத்ததில்லை, கைநாட்டுத்தான். அப்பா தாத்தா எல்லாரும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே பெருவிரலை அழுத்தியவர்கள். எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான், கண்ணால் பார்க்காமல் ஒன்றை உண்மை என்று எழுதலாமா? எனக்கு வயது இருபத்தொன்று. அந்த வயதில் இப்படித்தான் யோசிப்பேன்.

ஐயா சாப்பிடப் போன நேரம் பெட்டியைத் திறந்து ரிவோல்வரை வெளியே எடுத்தேன். பழைய கொப்பியில் 43917 என்று இருந்தது. துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்படி ஒரு எண் எங்கும் இல்லை. ஆனால் தோட்டா போடும் உருளையில் 286 என்று பளிச்சென்று வெட்டியிருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. இத்தனை வருடமாக எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் பிழையாகவே எழுதி வந்திருக்கிறார்கள், நான்தான் கண்டுபிடித்தேன்! படிவத்தில் 286 என்று எழுதினேன். அதோடு விட்டேனா? ஓரத்தில் அழகான கையெழுத்தில், 'முன்னைய பிழை இத்துடன் திருத்தப்பட்டுள்ளது' என்று ஒரு குறிப்பும் போட்டேன். ஐயா கட்டோடு கட்டாகத் துரையிடம் கொடுத்தார். துரை பல்வலியோடு கையெழுத்து வைத்தார்.

இரண்டு துவக்கு

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை பதில் வந்தது. சிங்களத்தில் இருந்தது. ஆபீசில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் மேல் வந்த குற்றப்பத்திரிகையை நானே வாசித்து, நானே தமிழாக்கி, ஐயாவுக்குச் சொன்னேன்.

உங்கள் தோட்டத்தின் பெயரில் பதிந்துள்ளது 43917 என்ற எண்ணுள்ள ரிவோல்வர். நீங்கள் இப்போது வைத்திருப்பதாகச் சொல்வது 286. முதலாவது எங்கே? இரண்டாவது எப்படி வந்தது? வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, கையிலுள்ளதை இக்கடிதத்துடன் கொண்டு வந்து காட்டவும். தவறினால் பொலிசுக்கு அறிவிக்கப்படும்.

ஒரே கடிதத்தில் எங்கள் தோட்டத்துக்கு இரண்டு துவக்கு வந்துவிட்டது. ஒன்று தொலைந்த துவக்கு. மற்றது திருட்டுத் துவக்கு.

ஐயா எழுந்து யன்னலைச் சாத்தினார். பிறகு திறந்தார். "உம்மை ஆர் துவக்கை எடுத்துப் பாக்கச் சொன்னது? நான் என்ன சொன்னனான்? கொப்பியைப் பாத்து எழுதும் எண்டெல்லோ சொன்னனான்!"

"துவக்கப் பாத்து எழுதினா இன்னும் சரியா இருக்குமுன்னு..."

"சரியா! உம்மட சரியை வச்சு இனி என்ன செய்யிறது? சனிக்கிழமை துரை வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

எனக்குக் கொடுத்த ஆறு மாதத் தவணை அந்த மாதம்தான் முடிகிறது. துரை நிரந்தரமாக்கிக் கையெழுத்து வைத்தால் நான் கிளாக்கர். இல்லாவிட்டால் குவாட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டு மறுபடியும் தொழிலாளர் லயத்துக்கு இறங்க வேண்டும். அந்த குவாட்டர்ஸ் ஒரு அறையும் அடுப்படியும்தான். ஆனால் அம்மா ஒவ்வொரு ஞாயிறும் மேலே ஏறி வந்து, பெருக்கிய இடத்தையே இன்னொரு முறை பெருக்கிவிட்டு, கதவைத் தானே பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவாள். பூட்டுப் போட்ட கதவு எங்கள் வீட்டில் அதற்கு முன் இருந்ததில்லை.

எங்கு பார்த்தாலும் எண்

செவ்வாய்க்கிழமை முழுவதும் தேடினோம். டீ மேக்கர் தேயிலையைப் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை இரவல் வாங்கினேன். பழைய ரிவோல்வர் ஒன்றில் இத்தனை எழுத்து இருக்கும் என்று யாருக்குத் தெரியும்! குழலின் மேல் செய்தவர்களின் ஊர்ப் பெயர். அதற்கடியில் சின்னச் சின்னக் கிரீடங்கள். பிடியின் அடியில் 37. உருளையில் என் 286. திருகாணியைக் கழற்றிப் பிடியின் மரத்துண்டைப் பெயர்த்துப் பார்த்தோம். உள்ளே ஒரு கரப்பான் பூச்சியின் கால் இருந்தது. 43917 மட்டும் இல்லை.

தோட்டத்தில் ஒரு விஷயம் எவ்வளவு நேரம் மறைந்திருக்கும்? பின்னேரம் கொழுந்து நிறுக்கப் போனேன். பெண்கள் வரிசையில் முதலாவதாக நின்ற மாரியாயி அக்கா கூடையை இறக்கு முன்னே தொடங்கிவிட்டாள்.

"சின்னக் கிளாக்கரய்யா, தராசையாவது ஒழுங்கா பாத்து எழுதுங்க. நாப்பது றாத்தல் நாலு றாத்தலா ஆயிறப் போவுது!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏன்க்கா, தொலஞ்சது துப்பாக்கியா, நம்பரா?"

"ரெண்டும் இருக்காம்டி. ஒண்ணோட ஒண்ணு சேரலையாம்!"

அம்மா அதே வரிசையில் நின்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் கூடையைத் தராசில் மாட்டிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "எம் மவன் பாத்துத்தான்டி எழுதுவான். அதானே இப்ப வெனையே."

அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். வேறு என்ன செய்ய?

மஹ்ரூப் நானா சொன்ன இடம்

புதன்கிழமை பஸ் ஏறி மாத்தளைக்குப் போனேன். துவக்கைக் கொண்டுபோகவில்லை. வெள்ளிக்கிழமை கொண்டு வா என்று கடிதம் சொல்லும்போது புதன்கிழமை வீதியில் அதோடு பிடிபட்டால் அது மூன்றாவது குற்றம்.

முத்துமாரியம்மன் கோயிலைத் தாண்டி உள்ளே போகும் ஒழுங்கையில் நானாவின் கடை. பூட்டு, குடை, பெட்ரோமெக்ஸ் விளக்கு, வேட்டைத் துவக்கு எல்லாம் திருத்துவார். வாயில் இரண்டு ஆணியைக் கவ்விக்கொண்டே பேசினார்.

"குழல் மடங்குதா, உருளை பக்கத்தால வருதா?"

"குழல் மடங்குது நானா."

"அப்ப செல்றத கேளுங்க மகன். உருளைல ஈக்கிறது நம்பரில்ல. செய்ற ஆளு, இந்த உருளை இந்தச் சட்டத்துக்குன்னு சோடி சேக்கப் போட்ட குறி. பிடிக்கு அடியில ஈக்கிறது பட்டாளத்துல அடுக்கி வச்ச குறி. மெய்யான நம்பர் வலப்பக்கம் ஈக்கும். உருளைக்குக் கீழ, விசைக்கு மேல, சட்டத்துலயே வெட்டியிருப்பான். பெருவிரல் வைக்கிற அளவு எடம்."

எனக்கு உயிர் வந்தது. "அங்க இல்லாட்டி?"

நானா வாயிலிருந்த ஆணிகளை எடுத்தார். "அங்க இல்லாட்டி யாரோ அரத்தால அராவி ஈக்கிறான். அராவினது கள்ளத் துவக்கு. அத என்ட கடைக்கு மட்டும் கொண்டாந்துறாதீங்க."

"நீங்க ஒரு தரம் தோட்டத்துக்கு வந்து பாத்தா..."

"அல்லாவே! நாலு பொம்புளப் புள்ளைங்கட வாப்பா நான். பொலிஸ் கேஸ் வாடை வருது. நீங்க போய்ப் பாருங்க மகன். ஈக்கும், இன்ஷா அல்லாஹ்."

இஞ்சி போட்ட பிளேன்டீ ஒன்றும் குடிக்கத் தந்துதான் அனுப்பினார்.

வழவழப்பு

வியாழக்கிழமை மழைக்கு வருகிறேன். மேசை, பத்திரிகைத் தாள், நாங்கள் மூவர்.

நானா சொன்ன இடத்தைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. வலப்பக்கம், உருளைக்குக் கீழே, விசைக்கு மேலே. பெருவிரல் அளவு இடம். அங்கே ஒன்றுமே இல்லை. கறுப்புமாய்ச் சிவப்புமாய் ஒரே வழவழப்பு. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

அப்போதுதான் ஐயா, திங்கட்கிழமை நான் இல்லை என்று சொன்னார். பிறகு கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கித் தானும் பார்த்துவிட்டு, "அராவிப் போட்டாங்கள்," என்றார். "ஆரோ வடிவா அராவிப் போட்டாங்கள்."

சின்னச்சாமி அண்ணன் அதுவரை கதவோரம் நின்றவர். சம்பளத்துக்கு முதல் நாள் துவக்குக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுப்பவர் அவர்தான். அதனால் ஐயா கூப்பிட்டு வைத்திருந்தார். 'அராவினது' என்ற சொல் அவரைச் சுட்டுவிட்டது.

"யாருங்க அராவுறது? பதினாறு வருசமா எங் கையைத் தாண்டி இது போனதில்ல. எங்கன அராவிருக்கு, காட்டுங்க!"

என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். நான் கிளாக்கரான பிறகு தம்பி என்பதா ஐயா என்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார். நான் இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"அட, அந்த எடமா தம்பியய்யா?" அவர் முகம் அப்படியே மாறியது. "அது பொட்டு வைக்கிற எடங்க."

"என்ன பொட்டு?" என்றார் ஐயா.

"ஆயுத பூசைக்குங்க. ஸ்டோர்ல எல்லாத்துக்கும் பொட்டு வைக்கிறோமில்ல? ரோதைக்கு, தராசுக்கு, கவ்வாத்துக் கத்திக்கு. பழைய தொர காலத்துலேருந்து இதையும் சாமி முன்னாடி வைக்கிறோம். எண்ணெ போட்ட இரும்புங்க. எங்க வச்சாலும் சந்தனம் வழுக்கிக்கிட்டு வந்துரும். அந்த ஒரு எடந்தான் சொரசொரன்னு இருந்திச்சு. புடிச்சு நிக்கும். வருசா வருசம் அங்கனதான் வைப்பேன். பூசை முடிஞ்சதும் எண்ணெத் துணியால அழுத்தித் தொடச்சிருவேன்."

கூரையில் மழை. ஐயா என்னைப் பார்த்தார். நான் ஐயாவைப் பார்த்தேன்.

"சொரசொரப்போ?" என்றார் ஐயா. குரல் கீச்சென்று வந்தது. "இரும்பில ஏன் ஐசே சொரசொரப்பு வரும்?"

நான் குண்டூசி டப்பாவை எடுக்கப் பாய்ந்தேன்.

சின்னச்சாமி அண்ணன் குறுக்கே கையை நீட்டிவிட்டார். "தம்பியய்யா! சாமிக்கு வச்ச சந்தனத்த ஊசியால நோண்டுவீங்களா? ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யணும்."

"கேக்கிறதோ? ஆரிட்டை?" என்றார் ஐயா.

"சாமிக்கிட்டதாங்க. ஒரு தேங்கா ஒடச்சு, சூடம் காட்டிட்டு, அப்பறம் எடுங்க."

ஐயா வழக்கமாக இதற்கெல்லாம் பொறுமையில்லாதவர். அன்று குடையை விரித்துக்கொண்டு தானே கடைக்குப் போய்த் தேங்காயும் சூடமும், போத்தலில் மண்ணெண்ணெயும் வாங்கி வந்தார். ஆபீஸ் படியில் தேங்காய் சரிபாதியாக உடைந்தது. சின்னச்சாமி அண்ணன் ரிவோல்வருக்குச் சூடம் காட்டினார். நான் அதைப் பார்த்துச் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டேன். அடுத்த நிமிஷம் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பிறகு வெந்நீர்த் துணி. அதன் பிறகு மண்ணெண்ணெய். அதன் பிறகுதான் ஊசி. முதலில் கறுப்பாக ஒரு அழுக்கு வந்தது. அதற்கடியில் செம்மண் மாதிரி, பதினாறு வருடத்துக் குங்குமம். மண்ணெண்ணெய் நாற்றத்துக்கு நடுவே சந்தனம் மணக்கத் தொடங்கியது. ஊசி எதிலோ தடுக்கி, ஒரு கோட்டில் இறங்கியது.

"ஏழு!" என்றேன்.

"ஏழுதானே கடைசி! தோண்டும், தோண்டும்!"

ஒன்று வந்தது. ஒன்பது வந்தது. தலைமாட்டில் நாலு வந்தது. இரண்டாவது எண்தான் பாக்கி. வளைவாக ஏதோ தெரிந்தது.

"மூண்டோ, எட்டோ?" ஐயாவின் மூச்சு என் காதில் பட்டது. எட்டாக இருந்தால் எல்லாம் வீண். இன்னும் ஒரு துளி மண்ணெண்ணெய் விட்டு, துணியால் ஒற்றினேன். இடப்பக்கம் திறந்திருந்தது.

மூன்று.

சபாரத்தினம் ஐயா மேசையில் ஒரு அடி அடித்தார். மைக்கூடு கவிழ்ந்து பத்திரிகைத் தாளெல்லாம் நீலமானது. அதைப் பார்த்து இன்னொரு அடி அடித்தார். பெரிய கிளாக்கர் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்; மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. சின்னச்சாமி அண்ணன் தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டு, "நா சொன்னேன்ல, யாரும் அராவலன்னு," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கச்சேரியில்

வெள்ளிக்கிழமை ரிவோல்வர் பிஸ்கட் தகரத்தில் படுத்து மாத்தளை பஸ்ஸில் வந்தது. தகரம் ஐயாவின் மடியில். பக்கத்தில் பிள்ளையோடு உட்கார்ந்த ஒரு பெண் தகரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஐயா கடைசியில் பொறுக்க முடியாமல், "இது வெறும் தகரம், பிள்ளை," என்றார். அவள் நம்பவில்லை.

கச்சேரியில் எங்களை விசாரித்தவர் நடுத்தர வயதுச் சிங்கள மாத்தயா ஒருவர். பெரிய பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ரிவோல்வரை வாங்கி, எண்ணை ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சரி பார்த்தார். பிறகு அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"மே பிஸ்தோலய பன்சல் கிஹில்லாத?" என்றார். இந்தத் துவக்கு பௌத்த விகாரைக்குப் போய் வந்ததா என்று கேட்கிறார்.

நான் சிங்களத்தில் முழுக் கதையையும் சொன்னேன். பூசை, சந்தனம், எண்ணெய்த் துணி, என் 286, ஓரத்துக் குறிப்பு, எதையும் விடவில்லை. அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு மறுபடியும் சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது அறையில் பத்துப் பேர் நின்றார்கள். முத்திரை விழுந்தது. பிழையான படிவத்துக்குப் பதில் புதுப் படிவம் எழுதி, அதற்கான கட்டணத்தைக் கட்டச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

"அத் அகுர லஸ்ஸனய்," என்றார் என்னைப் பார்த்து. கையெழுத்து அழகாம்.

சனிக்கிழமை

துரை ஒரு பக்கக் கன்னம் வீங்கித் திரும்பி வந்தார். பேச முடியாது. சபாரத்தினம் ஐயா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கத்தான் போகிறார் என்று நான் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே துரை சிரிக்க முயன்று, வலியில் கன்னத்தைப் பிடித்து, மறுபடியும் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஐயா வெளியே வந்து ஒரு தாளை என் கையில் வைத்தார். என்னை நிரந்தரமாக்கிய கடிதம். அதில் என் பெயருக்குப் பக்கத்தில் துரையின் கையெழுத்து, வலியில் கொஞ்சம் கோணியிருந்தது.

"வாசித்துப் பாத்து வாங்கும்," என்றார். "நீர் பாக்காமல் ஒண்டும் செய்யமாட்டீரே."

வாசித்தேன். எழுத்துகள் நனைந்து தெரிந்தன.

அந்த வாரத்துச் செலவைத் தோட்டக் கணக்கில் எழுத ஐயா சம்மதிக்கவில்லை. ஆயுத பூசைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கையில் தேங்காயையும் சூடத்தையும் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார். கச்சேரிக் கட்டணம், நான் ஒரு தடவையும் நாங்கள் இருவருமாக ஒரு தடவையும் மாத்தளைக்குப் போய் வந்த பஸ் காசு, மண்ணெண்ணெய், சாமிச் சாமான் எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தாளில் கூட்டி, சரிபாதி அவரே போட்டார். சின்னச்சாமி அண்ணனும் மடியை அவிழ்த்தார், நாங்கள் வாங்கவில்லை. துண்டுத் தாளை ஐயா என் பக்கம் திருப்பி, கூட்டுத்தொகையின் கீழ் இரண்டு கோடு போட்டார்.

"சரியோ எண்டு நீரும் ஒருக்காப் பாரும்."

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஏழு ரூபா நாற்பது சதம்.